கூன் கம் பற்றிய பேச்சை எங்கே தொடங்குவது?

உங்கள் மகளின் மூன்று நிமிடப் பேச்சுக்கு, கனடாவின் பழங்குடிகளான கிரீ மக்களின் தலைவர் மாத்யூ கூன் கமின் பதவிப் பட்டியல்தான் கிடைத்தது என்கிறீர்கள். பட்டியலை விடுங்கள், படகைப் பிடியுங்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், கிரேட் வேல் ஆற்றில் நீர்மின் அணை வந்திருந்தால் கிரீ மக்களின் வேட்டை நிலங்கள் மூழ்கியிருக்கும். மின்சாரம் வாங்கவிருந்தது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம். அதனால் 1990இல் கூன் கமின் தலைமையில் கிரீயரும், வடதுருவப் பகுதிப் பழங்குடிகளான இனூயிட்டுகளும் பாதி கிரீ கேனோ, பாதி இனூயிட் கயாக்காக ஒரு படகு கட்டி, ஹட்சன் ஆற்றில் துடுப்புப் போட்டு நியூயார்க் நகருக்கே போனார்கள். பெயர் ஒடெயாக், இரு மொழிகளின் படகுச் சொற்களும் அதில் ஒட்டியிருக்கின்றன. வாங்குபவரின் வாசலுக்கே போனதுதான் சாமர்த்தியம்! 1992இல் நியூயார்க் ஒப்பந்தத்தைக் கைவிட்டது, 1994இல் கியூபெக் திட்டத்தையே நிறுத்தியது.

'செவ்விந்தியர்' என்ற சொல் மட்டும் வேண்டாம். 'கிரீ' என்றே சொல்லட்டும்.