விரத நேரத்தில் உடற்பயிற்சி: முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. மண்டபத்தில் மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். உட்கார்ந்தே இருக்கும் வேலை என்பதால் எடை 85 கிலோவுக்குப் போய்விட்டது. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரைக்குக் காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன். இரண்டு மாதமாக இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் இருக்கிறேன். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டால் மறுநாள் பகல் 12 மணிக்குத்தான் சாப்பாடு. காலை 6 மணிக்கு மாத்திரை, ஒரு கருப்பட்டிக் காபி, பிறகு கடற்கரையில் வெறுங்காலோடு ஓட்டம். வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்கும் போகிறேன். 3 கிலோ குறைந்திருக்கிறது. ஆனால் பத்து மணி வாக்கில் கை நடுங்குகிறது, வேர்த்து ஊற்றுகிறது. கொழுப்பு கரைவதால் அப்படி இருக்கும், பவுடர் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஜிம் மாஸ்டர் சொல்கிறார். விரத நேரத்திலேயே பயிற்சி செய்வது நல்லதா, சாப்பிட்ட பிறகு செய்வது நல்லதா?

பதில்: உங்கள் கடிதத்தில் எடை இருக்கிறது, உணவு நேரம் இருக்கிறது, ஓடும் நேரம் இருக்கிறது, மாத்திரையின் பெயர் மட்டும் இல்லை. உங்கள் கேள்விக்கான விடை அந்தப் பெயரில்தான் இருக்கிறது. எனவே இதைப் படித்து முடித்ததும் மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப் பெயர்களைப் பாருங்கள். பத்துப் பத்தாக வாங்குபவராக இருந்தால், கத்தரித்துக் கொடுத்த அட்டையில் பெயர் இருந்த பாதி மருந்துக் கடையிலேயே தங்கிவிட்டிருக்கலாம். அப்படியானால் கடைக்குப் போய் முழு அட்டையைக் காட்டச் சொல்லி எழுதிக்கொண்டு வாருங்கள்.

அதில் மெட்ஃபார்மின் மட்டும் இருந்தால் உங்களுக்கு அதிகக் கவலை இல்லை. கல்லீரல் தேவைக்கு மேல் சர்க்கரையை வெளியே விடுவதை அது குறைக்கிறது. தனியாக எடுக்கும்போது சர்க்கரையை அபாயகரமான அளவுக்கு இறக்குவது மிக அரிது. ஆனால் குளிமெபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் நிலைமை வேறு. இந்த வகை மருந்துகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்பதை அவை பார்ப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைப் போல வேலை செய்துகொண்டே இருக்கும். குளிமெபிரைடு போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும், அதன் வேலை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீடிக்கும். நீங்கள் அதை 6 மணிக்குப் போட்டுவிட்டு 12 மணிக்குச் சாப்பிடுபவராக இருந்தால், இடையில் உள்ள ஆறு மணி நேரமும் சுரந்த இன்சுலினுக்கு ஈடாக அந்த ஒரு கருப்பட்டிக் காபியைத் தவிர உணவு எதுவும் வருவதில்லை. போதாக்குறைக்கு, ஓடும்போது தசைகளும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. ஓட்டம் முடிந்த பிறகும் பல மணி நேரத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பத்து மணிக்குக் கை நடுங்கி வேர்ப்பது கொழுப்பு கரைவதால் அன்று. கொழுப்பு கரைவதற்கு அப்படி எந்த அறிகுறியும் கிடையாது. அது பெரும்பாலும் சர்க்கரை இறங்குவதன் அறிகுறி, மக்கள் லோ சுகர் என்று சொல்வது.

அடுத்த முறை நடுக்கம் வந்தால் விரதம் கெட்டுவிடுமே என்று தயங்காதீர்கள். கையில் குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே செயல்பட வேண்டும். கருவி இல்லாவிட்டால் பார்க்காமலேயே செயல்படலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்திருந்து, சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். அதன் பிறகு உணவு. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது, அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருக்கவும் நேரமில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் மிகச் சாதாரணமாக எழுதப்படும் மாத்திரைகளில் அது ஒளிந்திருக்கிறது. குளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன. பலர் அதை ஒரு மருந்து என்றே எண்ணிப் போடுகிறார்கள். இவற்றில் வோக்லிபோஸின் வேலை, நாம் உண்ணும் மாவுச்சத்தும் சர்க்கரையும் குடலில் உடைவதைத் தாமதப்படுத்துவது. நாம் காபியில் போடும் சர்க்கரையும் கருப்பட்டியும் குடலில் உடைந்த பிறகுதான் இரத்தத்தில் சேரும். அந்த உடைப்பையே மருந்து தடுத்து வைத்திருக்கும்போது நீங்கள் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்தாலும் அது வேண்டிய வேகத்தில் ஏறாது. நடுக்கம் தொடர்ந்துகொண்டே இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் மேலும் மேலும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரைத்தான் பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் குளுக்கோஸ் உடைய வேண்டிய தேவை இல்லாமல் அப்படியே உறிஞ்சப்படும். அகார்போஸ் என்ற மருந்துக்கும் இதே கதைதான். எனவே உங்கள் அட்டையில் வோக்லிபோஸ் என்ற பெயர் இருந்தால் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை ஓடும்போது சட்டைப் பையிலும், மற்ற நேரத்தில் அலுவலக மேசையிலும் வைத்திருங்கள், அது எதற்கு என்று வீட்டாரிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். இரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோபிரோலால் போன்றவற்றை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வேர்வை மட்டுமே எச்சரிக்கை.

இவ்வளவு முக்கியமான செய்தியை நோயாளிக்குச் சொல்ல யாருக்கும் நேரமில்லை என்பதுதான் என் ஆற்றாமை. மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கு 2016-லேயே விதி வந்துவிட்டது. இன்றைக்கும் என்னிடம் வரும் சீட்டுகளில் பாதியை என்னாலேயே படிக்க முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டினாலும், காட்டாவிட்டாலும், கடையில் அதே மாத்திரை கிடைக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கி மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது, நல்ல காரியம். இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் 2022-இல் வந்துவிட்டது. ஆனால் ஒரு சர்க்கரை நோயாளியோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, "எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு மாத்திரை போடுகிறீர்கள்" என்று கேட்கும் ஆளை எங்கே தேடுவது? அந்த வெற்றிடத்தில்தான் ஜிம் மாஸ்டரும் வாட்ஸ்ஆப் கோச்சும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

நம் கடற்கரையிலேயே இதைச் சரியாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். கீழக்கரையிலும் தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் ரமலான் பிறப்பதற்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் போய், காலை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு, அளவையும் சரிபார்த்துக்கொள்ளும் குடும்பங்களை நான் அறிவேன். அந்த விரதத்துக்குக் காட்டும் கவனத்தை, யூடியூபைப் பார்த்துத் தொடங்கும் விரதத்துக்கு யாரும் காட்டுவதில்லை. "அந்தக் காலத்தில் வெறும் வயிற்றோடு கடலுக்குப் போனவர்கள்தானே நாம்" என்றும் சிலர் வாதிடுகிறார்கள். விடியுமுன் வள்ளம் இறக்கியவர்கள் நீராகாரம் குடித்துவிட்டுப் போனார்கள்; குளிமெபிரைடு போட்டுக்கொண்டு போகவில்லை.

இனி நேரடியாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எடை குறைவதற்கு, விரத நேரத்தில் ஓடுவதற்கும் சாப்பிட்டுவிட்டு ஓடுவதற்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2014-இல் இளம்பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை வெறும் வயிற்றிலும் மறு பிரிவை உண்ட பிறகும் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். நான்கு வாரம் கழித்து இரு பிரிவினருக்கும் கொழுப்பு ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. வெறும் வயிற்றில் ஓடும்போது அந்த நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரிவது உண்மை, ஆனால் நாள் முடிவில் கணக்கு நேராகிவிடுகிறது. விரதத்துக்கும் தனி மந்திரம் கிடையாது. சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், உணவின் அளவை மட்டும் குறைத்தவர்களும், அதே அளவை எட்டு மணி நேரத்துக்குள் உண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் எடை இழந்தார்கள். உங்களுக்குக் குறைந்த 3 கிலோ, நாளில் ஒரு வேளைச் சாப்பாடு குறைந்ததால் கிடைத்தது.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும் வரையில், குளிமெபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் 16 மணி நேர விரதத்தை நிறுத்தி வையுங்கள். வெறும் வயிற்றில் ஓடாதீர்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு முதல் உணவு, மாத்திரை அந்த உணவோடு, மாலை ஏழு மணிக்குள் கடைசி உணவு என்று வைத்துக்கொண்டாலே இரவில் 13, 14 மணி நேர இடைவெளி இயல்பாகக் கிடைத்துவிடும். பயிற்சியை மாலை ஐந்து மணிக்கு மேல் வையுங்கள். நம் கரையில் வெயிலோடு காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்வதால் வேர்வை காயாது, உடம்பு சூடாகும். எனவே காலையில் ஓடினாலும் மாலையில் ஓடினாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீரால் விரதம் முறியாது. கருப்பட்டிக் காபியால் முறியும். கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை சாயல்குடி முதல் இராமேசுவரம் வரை பரவியிருக்கிறது, அது தவறு. பயிற்சிக்கு முன் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை உள்ளவர் கடற்கரையில் வெறுங்காலோடு ஓடுவதும் வேண்டாம். சிப்பி ஓடும் சீமைக்கருவேல முள்ளும் குத்தியது தெரியாமல் போய்ப் புண்ணாவதை இந்தப் பகுதியில் அடிக்கடி பார்க்கிறோம்.

ஜிம்மை விட்டுவிடாதீர்கள். எடையைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது; அமெரிக்காவில் 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி ஏதும் சொல்லித் தரப்படாமல் 16 மணி நேர விரதம் மட்டும் இருந்தவர்கள் இழந்த எடையில் பெரும் பங்கு தசை முதலான கொழுப்பற்ற பகுதியாகவே இருந்தது. வாரம் இரண்டு நாளாவது பளு தூக்கும் பயிற்சியும், வாரத்துக்கு 150 நிமிட வேக நடையும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் அதற்குப் பவுடர் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 54 கிராம் புரதம் போதும். பயிற்சி செய்பவர் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கிறது. மீன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர், சாளையும் நெத்திலியும் சூடையும் கண்ணெதிரே இறங்கும் கரையில் நின்றுகொண்டு, டப்பாவில் வரும் பால் புரதத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். உப்பு மிகுதி என்பதால் கருவாட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாஸ்டர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பவுடர் விற்றால் கமிஷன் கிடைக்கும் ஒருவர், உங்கள் நடுக்கத்துக்குக் காரணம் சொல்லத் தகுதியானவர் அல்லர். டப்பாவில் இருக்கும் 14 இலக்க உரிம எண், தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்று மட்டுமே சொல்கிறது. அந்தப் பொருள் பயன் தரும் என்று அரசு சான்று கொடுத்ததாகாது. ஃபேட் பர்னர் என்று விற்பவற்றில் பெரும்பாலும் மிகுந்த அளவு காஃபின் இருக்கும். அது தரும் படபடப்பும் லோ சுகர் தரும் படபடப்பும் ஒன்றுபோலவே இருப்பதால் எது எதுவென்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுப்பதையும், ஊசி போடலாம் என்று சொல்வதையும் கேட்ட மாத்திரத்தில் அந்த ஜிம்மை விட்டு வெளியேறிவிடுங்கள். பணம் கட்டி வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்தால் சில வாரங்களில் சர்க்கரை மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்று ஆசை காட்டுபவர்கள், நீங்கள் மயங்கி விழும் நாளில் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். வீட்டுக்கே வந்து இரத்தம் எடுத்து முப்பது, நாற்பது சோதனைகளைப் பட்டியலிடும் பேக்கேஜும் உங்களுக்கு இப்போது வேண்டாம். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றும் போதும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, விரதத்துக்காகப் பாதியாக உடைத்துப் போடவும் கூடாது. மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டை, இந்த மூன்று சோதனை முடிவுகள், ஒரு வாரம் காலை எழுந்ததும், நடுக்கம் வரும்போதும், இரவு உணவுக்கு முன்பும் எடுத்த சர்க்கரை அளவுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "எனக்குப் பத்து மணிக்குக் கை நடுங்குகிறது, நான் உணவு நேரத்தை மாற்றியிருக்கிறேன், எடையும் குறைந்திருக்கிறது" என்று உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். கேட்கட்டும் என்று காத்திருந்தால் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள். எடை குறைந்து பயிற்சியும் தொடர்ந்தால் பெரும்பாலும் முதலில் குறைக்கப்படுவது குளிமெபிரைடுதான். அது குறைந்து, அல்லது வேறு மருந்துக்கு மாறி, இரண்டு வாரம் நடுக்கமே இல்லாமல் இருந்தால், காலை ஓட்டத்தை மறுபடியும் தொடங்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். புதிய மருந்தின் பெயர் டாபாகிளிஃப்ளோசின் போல முடிந்தால், நீண்ட விரதத்தோடு அதைச் சேர்க்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அதற்கு வேறு எச்சரிக்கைகள் உண்டு.