கம்ப்யூட்டரில் அப்டேட் தானாக இன்ஸ்டால் ஆக விடலாமா, ஆஃப் செய்து வைக்கலாமா?

விடுங்கள். வீட்டு லேப்டாப் என்றால் யோசிக்கவே வேண்டாம். "டேட்டா தீர்ந்துபோகும், சிஸ்டம் ஸ்லோ ஆகும், ஆஃப் பண்ணிடுங்க" என்று தெரிந்தவர் யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

சின்ன ஊரில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக். 2017-இல் கடையில் நாலு கம்ப்யூட்டர், நாலிலும் விண்டோஸ் 7. அசெம்பிள் செய்து கொடுத்த தம்பி முதல் நாளே அப்டேட்டை நிறுத்திவிட்டுப் போனார். ஏனென்றால் அது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இல்லை. அப்டேட் ஆனால் ஒரிஜினல் இல்லை என்று காட்டித் திரை கறுத்துப் போகும். இதற்காக என்னைத் திட்டுகிறவர்கள் திட்டலாம், தப்புதான். ஆனால் அன்றைக்கு எங்கள் பஜாரில் ஒரிஜினல் போட்ட கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

மே 12, வெள்ளிக்கிழமை. வைகாசி முகூர்த்தங்களுக்கு 14 பத்திரிகை கையில் இருந்தது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒரு சிஸ்டத்தில் சிவப்பு ஜன்னல் ஒன்று திறந்து, 300 டாலர் பிட்காயினில் கட்டு என்றது. பிரிண்டருக்காக நாலையும் நெட்வொர்க்கில் கோர்த்திருந்தோம். அடுத்தடுத்து மற்ற மூன்றிலும் அதே ஜன்னல். ஒரு ஃபைலும் திறக்கவில்லை. ஏழு வருட டிசைன்கள். பதறிப்போய் எல்லாவற்றையும் ஆஃப் செய்தேன். மறுநாள் அந்தத் தம்பி வந்து நாலையும் ஃபார்மட் அடித்தார்.

அதுதான் வான்னாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. 59 நாள் முன்னால்! அதைப் போடாத பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட் ரத்தானது. அன்றிரவு நம் நேரப்படி எட்டரை மணி வாக்கில் பிரிட்டனில் ஒரு இளைஞர், அந்த வைரஸ் தேடிக்கொண்டிருந்த இணைய முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்ய, அந்த முகவரி கிடைத்ததும் பரவிக்கொண்டிருந்தது அடங்கியது. இன்னும் ஒன்று பின்னால் தெரிந்தது. மெஷினை ஆஃப் செய்யாமல் வைத்திருந்தால் மெமரியிலிருந்து சாவியை எடுத்துச் சில சிஸ்டங்களில் ஃபைல்களை மீட்க முடிந்திருக்கிறது. என்னுடையதில் முடிந்திருக்குமா, தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பழைய புரூஃப் தாள்களைக் குப்பையிலிருந்து எடுத்து நீவி வைத்து, நானும் மனைவியும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து 14 பத்திரிகையையும் திரும்ப அடித்தோம். ஒன்றில் மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' விட்டுப்போயிற்று. 600 பத்திரிகை அச்சாகி, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா கடைக்கு வந்து சத்தம்கூடப் போடவில்லை. "எங்கப்பா செத்து மூணு மாசம்தாம்ப்பா ஆகுது" என்று மட்டும் சொன்னார். மிச்சப் பத்திரிகைக்கு என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்தப் புரூஃபில் அவர் வீட்டார்தான் 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்றுவரை பத்தில் எட்டுப் பேர் புரூஃபைப் படிப்பதே இல்லை. வாட்ஸப்பில் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிவிடுகிறார்கள். அச்சானபின் தப்பு முழுக்க எங்கள் தலையில். மண்டபமும் ஐயரும் சமையல்காரரும் மாதக்கணக்கில் முன்னால் முடிவாகும், பத்திரிகைக்கு மட்டும் நாலு நாள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2024 ஜூலையில் ஒரே நாளில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் படுத்ததே அப்டேட்டால்தானே என்று யாராவது கமென்ட் போடுவார்கள். அது விண்டோஸ் அப்டேட் இல்லை, பெரிய நிறுவனங்கள் வாங்கிப் போட்டிருந்த க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். உங்கள் வீட்டு லேப்டாப்பில் அது இருக்க வாய்ப்பு குறைவு. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் சிலருடைய ஃபைல்களை அழித்தது உண்மை, கம்பெனியே அதை நிறுத்தி வைத்தது. அதனால் பேக்கப் எடுங்கள் என்பேன், ஆஃப் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்டேட் சொதப்பினால் ஒரு நாள் வேலை போகும். ஓட்டை திறந்து கிடந்தால் என்ன போகும் என்று நான் பார்த்துவிட்டேன்.

வேலை நடுவில் ரீஸ்டார்ட் ஆவதுதான் பயம் என்றால் செட்டிங்கில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' இருக்கிறது, உங்கள் வேலை நேரத்தைப் போட்டுவிடுங்கள். 'பாஸ்' (Pause) கொடுத்துத் தள்ளியும் வைக்கலாம். முகூர்த்த நெருக்கடியில் நானே ஒரு வாரம் தள்ளுவேன், அதற்கு மேல் இல்லை. இப்போது கடையில் மூன்று சிஸ்டம், எல்லாம் ஒரிஜினல். மாதத்தின் இரண்டாவது செவ்வாய் ராத்திரி நமக்கு அப்டேட் வரும். புதன் காலையில் கடை திறந்ததும் என் மனைவி முதலில் மூன்று சிஸ்டத்தையும் ரீஸ்டார்ட் போட்டுவிட்டு, அப்புறம்தான் விளக்கேற்றுவாள்.