அரசுப் பள்ளியில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன திட்டம் இருக்கிறது?

நாங்குநேரிப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் மகள் 7-ஆம் வகுப்பு படிக்கிறாள், கணக்கில் படுகெட்டி, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனி வகுப்பு என்று சாதாரணப் பள்ளிகளில் கிடையாது. தேர்வும், தேறினால் உதவித்தொகையும்தான் இருக்கிறது. மத்திய அரசின் உறைவிடப் பள்ளிகளான நவோதயா பள்ளிகளும் தமிழ்நாட்டில் இல்லை. அதனால் 8-ஆம் வகுப்பில் வரும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுதான் முதல் வாசல். அந்த ஒரு வருஷத்தை விட்டால் மறுபடி எழுத முடியாது.

7-ஆம் வகுப்பு முழுஆண்டில் 55 சதவீதம் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. என்றால் 50). குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். பாடத் தாளைப் பள்ளியே பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் சறுக்குவது மனத்திறன் தாளில், ஏனென்றால் அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

2, 6, 12, 20, 30 என்று ஒரு தொடர் கொடுத்து அடுத்த எண்ணைக் கேட்பார்கள். வித்தியாசம் 4, 6, 8, 10 என்று கூடுவதைப் பார்த்து 42 என்று சொல்லிவிடலாம். வீட்டில் அதோடு விடாதீர்கள். 50-ஆவது எண் என்ன என்று கேளுங்கள். 1×2, 2×3, 3×4 என்று பிடித்து 50×51, அதாவது 2,550 என்று தானே வந்தாளானால் அதுதான் உண்மையான கணக்குப் புத்தி. மார்க்கை விட இதைத்தான் நான் நம்புவேன்.

இன்னொரு இடறல், ஓ.எம்.ஆர். தாள். தெரியாத கேள்வியைத் தாண்டிப் போனவள் அடுத்த விடையை ஒரு வரிசை தள்ளிக் கறுப்பாக்கினால் அதற்குப் பிறகு எல்லாமே தப்பு. பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கப் பழக்குங்கள்.

தேறிய பிறகும் பணம் வராமல் போவது உண்டு. பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பம் இடிக்கும். அம்மாவோடு கூட்டுக் கணக்கு வைத்து, அதில் அம்மாவின் ஆதார் மட்டும் இணைந்திருந்தாலும் சிக்கல். பிள்ளை பெயரில் தனிக் கணக்குத் தொடங்கி, அவள் ஆதாரையே இணையுங்கள். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். 10-ஆம் வகுப்பில் 60 சதவீதம் எடுக்க வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. என்றால் 55).

நடுநிலைப் பள்ளி 8-ஓடு முடிகிறது. அப்போது சொந்தக்காரர்கள் தனியார் பள்ளியில் சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் உதவித்தொகை நின்றுபோகும். பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி என்றால் இது தொடரும். ஆனால் 9-ஆம் வகுப்பு ஊரகத் திறனாய்வுத் தேர்வு எழுத முடியாது. அது கிராம ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும். மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள், ஆண்டுக்கு 1,000 ரூபாய். வருமான வரம்பு 1 லட்சம். தொகை சின்னதுதான். அதற்காக நல்ல பள்ளியை விட வேண்டாம்.

அரசு மாதிரிப் பள்ளியில் இடம் கிடைத்தால் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். ஆனால் அரசு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். கிடையாது என்று விதி இருப்பதால், சேரும் முன் தலைமை ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், நல்ல ஆசிரியரும் கூடப் படிக்கச் சரியான கூட்டாளிகளும் கிடைப்பது 12,000 ரூபாயை விடப் பெரிசு.

இவ்வளவும் பணத்துக்கான வழி. கணக்குப் பசிக்கு ஐ.ஓ.கியூ.எம். என்ற தேர்வு, அதாவது கணித ஒலிம்பியாட் போட்டிக்கான முதல்கட்டத் தேர்வு இருக்கிறது, 8-ஆம் வகுப்பிலிருந்து எழுதலாம். 30 கேள்வி, மூன்று மணி நேரம். வினாத்தாள் தமிழில் வராது. பழைய தாள்கள் மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு ஞாயிறுக்கு ஒரே ஒரு கேள்வியைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். விடையை உடனே காட்டிவிடாதீர்கள். அவளே முட்டி மோதட்டும்.