ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் விளக்குக் கருவி) வெளிச்சத்தைக் கூட்டினாலும் கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம்) மங்கலாகவே தெரிகிறது, என்ன செய்வது?

ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைப் படிப்பு) மூன்றாம் ஆண்டு என்கிறீர்கள், வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால் நோயாளி கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார் என்கிறீர்கள். மூடத்தானே செய்வார். வெளிச்சத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் ஐபீஸை, அதாவது நீங்கள் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை, உங்கள் கண்ணுக்கு அமைத்தீர்களா?

நான் சென்னையில் பயிற்சி எடுத்த இடத்தில் ஒரே மெஷினில் ஐந்தாறு பேர் மாறி மாறி உட்காருவோம். எனக்கு மைனஸ் மூன்று பவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் இருந்தவர் ஐபீஸில் விட்டுப்போன எண்ணிலேயே பார்ப்பேன், பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். பல்பு போய்விட்டது என்று நானே புகார் சொல்லி, மாற்றியும் பார்த்தார்கள், அதே கதைதான். கடைசியில் சீனியர் அக்கா ஒருவர் டிராயரைத் துழாவி ஒரு சின்னக் கம்பியை எடுத்து, "இது எதுக்குன்னு தெரியுமா?" என்றார். முழித்தேன். அதுதான் ஃபோகசிங் ராட்.

மைக்ரோஸ்கோப்பும் விளக்கும் ஒரே அச்சில் சுழலும் இடத்தில் ஒரு துளை இருக்கும், தட்டையான பக்கம் உங்களைப் பார்க்கிற மாதிரி ராடை அதில் செருகுங்கள். மெல்லிய கோடாக ஒளியை அதன்மேல் விழ வைத்து, ஐபீஸை முழுக்க பிளஸ் பக்கம் திருப்பிவிட்டு, மெதுவாக மைனஸ் பக்கம் வாருங்கள். கோடு முதன்முதலில் கூர்மையாகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் கூர்மையாகத்தான் இருக்கும், ஆனால் அது உங்கள் கண் உள்ளுக்குள் சிரமப்பட்டுக் காட்டுகிற கூர்மை, தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு கண்ணாகச் செய்யுங்கள், எண்ணைக் குறித்து வையுங்கள், ஐபீஸ் இடைவெளியையும் சரிசெய்யுங்கள். சிலிண்டர் பவர் (ஆஸ்டிக்மாடிசத்துக்குப் போடுவது) இருந்தால் கண்ணாடியோடே பாருங்கள், ஐபீஸ் அதைத் திருத்தாது. ராடை எடுப்பதற்கு முன் விளக்குக் கையை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள், கோடு ராடில் இடம் மாறாமல் நிற்க வேண்டும். நகர்ந்தால், ஒளியை மையத்திலிருந்து விலக்கும் திருகை யாரோ தளர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, இப்போது வெளிச்சம். அகலமான ஒளி என்றால் குறைந்த பிரகாசம், மெல்லிய கோடு என்றால் கூட்டிக்கொள்ளலாம், என் வழக்கம் இதுதான். இமை, கண்வெள்ளை எல்லாம் பத்து மடங்கில், குறைந்த வெளிச்சத்தில் பார்த்து முடிப்பேன். கார்னியாவுக்கு வரும்போது விளக்கை 45 டிகிரி அளவுக்குச் சாய்த்து, கோட்டை மெல்லியதாக்கி, பதினாறு மடங்குக்குப் போவேன். நேராக முன்னால் விளக்கை வைத்துக்கொண்டு கார்னியாவின் ஆழம் தெரியவில்லை என்றால் எப்படித் தெரியும்?

கண்ணின் முன்னறையில் (கார்னியாவுக்குப் பின்னால் திரவம் நிறைந்த இடம்) செல்கள் மிதக்கின்றனவா என்று பார்ப்பதற்கு மட்டும் தயவு பார்க்காமல் பிரகாசத்தை முழுதாக ஏற்றலாம், ஆனால் ஒளியை ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று சுருக்கிவிட்டு. நீங்கள் பரிசோதிக்கும் அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாக விழும் வெயிலில் தூசி பறப்பது தெரியுமே, அதே சங்கதி, ஜன்னலைத் திறந்து வைத்தால் தூசி தெரியாது. ஃபுளோரசின் சாயம் போட்டு நீல ஃபில்டரில் பார்க்கும்போதும் பிரகாசம் தேவைப்படும், ஃபில்டரே நிறைய ஒளியை விழுங்கிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் கோடு ஒரு பக்கம் இருட்டாகவோ ஓரம் கடித்தது போலவோ இருந்தால், பல்பு சரியாக உட்காரவில்லை, இல்லையென்றால் ஒளியைத் திருப்பும் கண்ணாடியில் தூசி. ஹாலஜன் பல்பாக இருந்தால் ஆறவிட்டு, டிஷ்யூவால் பிடித்துக் கழற்றுங்கள், விரல் எண்ணெய் பட்டால் சீக்கிரம் போய்விடும். என் புகாரில் மாற்றிய அந்தப் புது பல்பை அப்படித்தான் வெறுங்கையால் போட்டார்கள், ரொம்ப நாள் வரவில்லை.