புதிய யோசனைகள் குவிந்த பிறகு குழுவாக இருந்து அவற்றை எப்படி வகைபிரிப்பது?

சங்கத்து ஆட்கள் இருபது பேரைக் கூட்டி "புதிதாக என்ன செய்யலாம்" என்று கேட்டால் யோசனைகள் வந்து குவிகின்றன, ஆனால் எதை எதோடு சேர்ப்பது என்பதிலேயே கூட்டம் இழுபட்டுக் கலைந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் மீனவர் சங்கங்களோடும் மாதர் சங்கங்களோடும் நான் இந்த வேலையைத்தான் செய்கிறேன். என் பதில் இதுதான்: தலைப்புகளை முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள். யோசனை எழுதிய தாள் துண்டுகளைச் சனம் கதைக்காமல் கையால் நகர்த்தி அடுக்கட்டும். தலைப்பு கடைசியில் வரட்டும்.

அதற்கு முதல், யோசனைகளை வாயால் சொல்லவைக்காமல் எழுதவைப்பது நல்லது. ஆளாளுக்கு உரக்கச் சொல்லும் முறையை அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் 1950களில் பிரபலப்படுத்தினார். குறை சொல்லக்கூடாது, எவ்வளவு கூடுதலாக வருகிறதோ அவ்வளவு நல்லது என்ற அவருடைய விதிகள் இன்றைக்கும் சரி. ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, கூடியிருந்து சொன்னவர்களைவிட, அதே எண்ணிக்கையானோர் தனித்தனியே யோசித்தவற்றைச் சேர்த்தால்தான் யோசனைகள் அதிகமாக இருந்தன. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும், அதற்குள் நினைத்தது மறந்துபோகும். எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. படகுச் சொந்தக்காரர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அதையொட்டியே கதைப்பார்கள். மாமனார் இருக்கும் சபையில் மருமகள் மாற்றுக் கருத்துச் சொல்லமாட்டாள், கடுதாசியில் எழுதுவாள்.

ஏ4 தாளை நாலாகக் கிழித்தால் போதும். ஒரு துண்டில் ஒரு யோசனை, மார்க்கர் பேனாவால், முழு வசனமாக. "சந்தைப்படுத்தல்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "உப்புவெளி ஹோட்டல்களுக்குக் காலையிலேயே நேரே மீன் கொண்டுபோய்க் கொடுப்போம்" என்று எழுதினால் கையில் எடுத்து யோசிக்கலாம். எழுத வராத அம்மாமாருக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும், அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல். பெயர் போடவேண்டாம்.

இனி வகைபிரிப்பு. இதை நான் எடுத்துக்கொண்டது ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவகிட்டாவின் முறையிலிருந்து. களத்தில் சேர்த்த குறிப்புகளை என்ன செய்வதென்று தேடியபோது அவர் உருவாக்கியது அது. எல்லாத் துண்டுகளையும் பாயில் பரப்புங்கள். கடற்காற்றுக்குப் பறக்கும், சின்னக் கற்கள் பொறுக்கி வைத்திருங்கள். எல்லாரும் சுற்றி நின்று, ஒன்றோடொன்று சேரும் என்று மனதுக்குப் படுகிற துண்டுகளைப் பக்கத்தில் வைக்கவேண்டும். பேச்சு இல்லை, விளக்கம் இல்லை. ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுத்து மாற்றலாம். ஒரே துண்டு இரண்டு துண்டுக் கும்பல்களுக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்தால், இன்னொரு பிரதி எழுதி இரண்டிலும் வையுங்கள், சண்டை முடிந்தது.

ஏன் தலைப்பு முதலில் வேண்டாம் என்கிறேன்? திருக்கடலூர்ப் பக்கம் கருவாடு போடும் பெண்களோடு இருந்தபோது "கால் கிலோ பை போடுவோம்", "மணம் வெளியே வராமல் இரட்டைப் பையில் ஒட்டுவோம்", "கொழும்பு ரயிலுக்குப் போகிற வழியில் ஒரு மேசை போடுவோம்" என்று மூன்று துண்டுகள் வந்தன. பொதி, தரம், விற்பனை என்று நான் முன்பே தலைப்புப் போட்டிருந்தால் அவை மூன்று மூலைக்குப் போயிருக்கும். ஒரு அக்கா பேசாமல் மூன்றையும் எடுத்து ஒன்றாக வைத்தார். பிறகு தலைப்புக் கேட்டபோது அவரே சொன்னார்: "ஊருக்குக் கொண்டுபோறவைக்கு." எந்தத் துண்டிலும் இல்லாத வாடிக்கையாளர் அங்கேதான் தெரிந்தார். நிலாவெளிக்குக் குளிக்க வந்துவிட்டுத் திரும்பும் குடும்பம், பஸ்ஸில் மணக்கும் என்று கருவாட்டை வாங்காமல் போகிறது. இந்தக் கூட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். வகைபிரிப்பை எழுத்தர் வேலை என்று நினைத்து, கூட்டம் முடிந்தபின் செயலாளரிடம் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த அக்காவின் கை செய்ததைச் செயலாளரின் கணினி செய்யாது.

எதோடும் சேராத ஒற்றைத் துண்டுகள் சில மிஞ்சும். "மற்றவை" என்று ஒரு பெட்டி செய்து அதற்குள் தள்ளவேண்டாம். தனியாகவே கிடக்கட்டும், அவற்றையும் உரக்க வாசியுங்கள்.

அடுத்து வாக்கு. பிடித்த யோசனைகளில் வைக்க ஆளுக்கு மூன்று புள்ளி, தலைவர் தவிர எல்லாரும் ஒரே நேரத்தில் வைக்கவேண்டும், தலைவர் கடைசியில். பயன் எவ்வளவு, சிரமம் எவ்வளவு என்று நாலு கட்டம் போட்டுப் பிரிப்பதும் உண்டு. அது ஒரு அலுவலகத்துக்குச் சரி. எங்களுக்குக் காலம்தான் பெரிய கட்டம். கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் கருவாடு காயாது, கடலும் கொந்தளிக்கும். ஆகவே முன்னுக்கு வந்த யோசனைகளை "மழைக்கு முன் கையிலிருக்கிற காசில் தொடங்கலாம்", "யாரிடமாவது அனுமதியோ கடனோ கேட்கவேண்டும்" என்று இரண்டாகப் பிரிப்பேன். முதலாவதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்திலேயே ஒருவரின் பெயரும் ஒரு திகதியும் எழுதவேண்டும். பெயர் விழாத யோசனையை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வையுங்கள்.

சிங்களம் பேசும் உறுப்பினர்களும் இருந்தால் அவரவர் மொழியிலேயே எழுதட்டும். அடுக்கத் தொடங்குமுன் ஒருவர் எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் வாசித்துவிட்டால் போதும். பாயைச் சுருட்டுமுன் ஒவ்வொரு துண்டுக் கும்பலையும் போனில் படம் எடுத்து, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவே போட்டுவிடுங்கள். வராதவர்கள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் சில துண்டுகளை அனுப்புவார்கள்.