வாசகர் கேள்வி: வெயிலில் வாடும் பட்டி

கேள்வி: அக்கா, என்னிடம் மேச்சேரி இனச் செம்மறியாடுகள் பன்னிரண்டு உள்ளன. பங்குனியிலேயே மேய்ச்சல் காடு காய்ந்துவிடுகிறது. மதியத்தில் ஆடுகள் மேயாமல், ஒன்றின் வயிற்றடியில் இன்னொன்று தலையை நுழைத்து நிற்கின்றன. விற்றுவிடலாமா?
– ஒரு வாசகி, காடையாம்பட்டி

பதில்: அவசரப்படாதே தங்கச்சி. கோடையில் எல்லோரும் பட்டியைக் காலி செய்வதால் விலை அடிபடும். தலையை நுழைப்பது நிழலுக்காகத்தான். நானும் முன்பு ஒன்பது மணிக்கு மேல்தான் ஓட்டிப்போவேன். இப்போது விடிந்ததும் கிளம்பிப் பத்து மணிக்குள் வேப்பமரத்தடிக்குத் திருப்பிவிடுகிறேன். அப்புறம் நாலு மணிக்கு மேல்தான். வீட்டு வேலை தள்ளிப்போகும், பரவாயில்லை.

வெள்வேலங்காய் உதிரும்போது பொறுக்கி, உலர்த்திச் சாக்கில் கட்டி வை. புல் இல்லாத நாளில் அதுதான் கைகொடுக்கும். தழைத் தீவனத்துக்கு வேலியோரம் கிளுவையும், தண்ணீர் சிந்தும் இடத்தில் அகத்தியும் நடு.

சோளக்காட்டில் மட்டும் மிகக் கவனம். வறட்சியில் வாடிய இளம்பயிரிலும், அறுத்த தாளில் மழைக்குப் பின் விடும் துளிரிலும் நஞ்சு இருக்கும். எங்கும் காய்ந்து கிடக்கையில் அந்தப் பச்சையைக் கண்டு ஆடுகள் ஓடின, நானும் விட்டுவிட்டேன். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, மருத்துவரைக் கூப்பிடுவதற்குள் இரண்டு சினையாடுகள் போய்விட்டன. இன்னும் மனசு ஆறவில்லை. பயிர் பூக்கும்வரை அந்தப் பக்கமே ஓட்டாதே.

மழைக்காலத்துக்கு முன்பே துள்ளுமாரி (குடலில் நஞ்சு உண்டாகித் திடீரென ஆட்டைக் கொல்லும் நோய்), நீலநாக்கு (பூச்சிக்கடியால் பரவும் நோய்) ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடு. நல்ல கிடாய் வேண்டுமென்றால், நம்ம சேலம் மாவட்டப் பொட்டனேரியில் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தைக்குப் போகும் முன் அங்கே விசாரி.