ஆவணமில்லாத பயணிக்காக விமான நிறுவனத்துக்கு அபராதம் ஏன்?

கேள்வி: வெளிநாட்டுப் பயணத்தின்போது, குடியேற்ற அதிகாரிகளுக்கு முன்பே விமான நிறுவன ஊழியர்கள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் நிறுவனத்துக்கு அபராதமாம். பயணியின் குறைக்கு நிறுவனம் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?
- வாசகர், திருச்சி

பதில்: இந்த அபராதம், பயணி சென்று இறங்கும் நாட்டின் சட்டப்படி விதிக்கப்படுவது. ஒருவர் தன் மண்ணில் கால் வைத்துத் தஞ்சம் கோரிவிட்டால், அந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்கும் கடமை அந்நாட்டு அரசுக்கு வந்துவிடுகிறது. ஆகவே, புறப்படும் இடத்திலேயே அவரைத் தடுத்துவிட அரசுகள் விரும்புகின்றன. அயல்நாட்டு விமான நிலையங்களில் எல்லாம் தம் அதிகாரிகளை நிறுத்த முடியாது என்பதால், அந்த வேலையை விமான நிறுவனத்தின் தலையில் கட்டிவிடுகின்றன.

பிரிட்டனில் இச்சட்டம் பிறந்ததற்கும் தமிழர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1987 பிப்ரவரியில், இலங்கையிலிருந்து தப்பி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வந்து தஞ்சம் கேட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்களில் சிலர் விமானத்தில் ஏற மறுத்து, விமானங்கள் நிற்கும் தளத்திலேயே உடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றம் தலையிட்டதால் அவர்களை அனுப்புவது நின்றது. அடுத்த மாதமே உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் புதிய மசோதாவை அறிவித்தார். அதன்படி பயணி ஒருவருக்கு 1,000 பவுண்டாக இருந்த அபராதம் 1991-இல் 2,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. இந்தியாவும் 2000-ஆம் ஆண்டில் இத்தகைய சட்டத்தை இயற்றி, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

பயணி காட்டிய ஆவணம் போலி என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியக்கூடியதாக இல்லையென்றால், பிரிட்டிஷ் சட்டப்படி நிறுவனத்தின் மீது பொறுப்பு விழாது. கவுண்டரில் நீங்கள் காணும் கெடுபிடிக்கு இதுவே காரணம். ஊழியர் பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் புரட்டுகிறார். செல்லும் நாட்டின் விதிகளை 'டைமாட்டிக்' என்ற தரவுத்தளத்தில் சரிபார்க்கிறார். ஐயம் எழுந்தால் விசா உள்ள பக்கத்தை நகலெடுத்தும் வைத்துக்கொள்கிறார். வழியில் பயணி தன் ஆவணத்தைக் கிழித்தெறிந்துவிட்டாலும், ஏறும்போது அது அவரிடம் இருந்தது என்று மெய்ப்பிக்க அந்த நகல் வேண்டும்.

சாதாரணப் பயணிக்கு இதனால் சிறிது தாமதம் மட்டுமே. உயிருக்கு அஞ்சி ஓடுகிறவருக்கோ வழியே அடைபட்டுப் போகிறது. எந்த அரசிடமிருந்து தப்பியோடுகிறாரோ அதே அரசிடம் போய் அவர் பாஸ்போர்ட் கேட்க முடியுமா? அகதிகள் சட்டவிரோதமாக நுழைந்ததற்காக அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் அவர் நாட்டுக்குள் நுழைந்தால்தானே அந்தப் பாதுகாப்பு கிடைக்கும்? தஞ்சக் கோரிக்கையை எடைபோடப் பயிற்சியோ அதிகாரமோ இல்லாத ஊழியர், அபராதத்துக்கு அஞ்சி, 'முடியாது' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அந்த மறுப்பை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்யவும் வழியில்லை. இறுதியில் போலி பாஸ்போர்ட் விற்கும் ஏஜென்டிடமோ, நடுக்கடலில் தத்தளிக்கும் படகிலோதான் அவர் போய்ச் சேர்கிறார்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாத தஞ்சக் கோரிக்கையின் பேரில் ஒருவர் நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டால், அவரை ஏற்றிவந்த நிறுவனத்துக்கு அபராதம் இல்லை என்று பிரான்ஸ் நாட்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அபராதத்தை வைத்திருக்க விரும்பும் நாடுகள், குறைந்தபட்சம் இந்த விலக்கையாவது தம் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.